ராஜமாணிக்கம் லேப்டாப் பார்க்கிறார்

மீஞ்சூர் தாண்டியதும் ராஜமாணிக்கம் எழுந்து, மேல்தட்டிலிருந்து கறுப்புப் பையை இறக்கி இடது தோளில் மாட்டிக்கொள்கிறார். ரயில் பெட்டியின் அந்தக் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வருகிறார். பிறகு வலது தோளுக்கு மாற்றி இன்னொரு நடை. கொய்யாப்பழக் கூடைக்காரி காலை மடக்கி வழிவிடுகிறாள், அவளுக்கு இது பழகிப்போன சங்கதி. உட்கார்ந்ததும் தோள்பட்டையை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்கிறார்: "மூணு கிலோ ஒத்து வராது சார். ரெண்டரையில இன்னா கீதுன்னு பாக்கணும்."

பையில் லேப்டாப் கிடையாது. கல்லுப்புப் பாக்கெட்டுகள் இருக்கின்றன. எந்த லேப்டாப்பைப் பற்றி விசாரிக்கிறாரோ அதன் எடைக்கு உப்பை நிரப்பி ஒரு வாரம் சுமந்து பார்ப்பது அவருடைய முறை. ஏன் உப்பு, அரிசி ஆகாதா என்று ஒருநாள் கேட்டேன். "அரிசின்னா ஊட்டுல எடுத்து ஒலையில போட்டுருவாங்க. நடுவுல எடை கொறஞ்சிடும், கணக்கு தப்பிடும் சார்" என்றார். அந்த வீட்டில் சமையலுக்கு உப்பு தீர்ந்தால் பக்கத்து வீட்டில்தான் கேட்டு வாங்குகிறார்களாம்.

ராஜமாணிக்கம் கும்மிடிப்பூண்டியில் கல்யாண ஆல்பம் செய்கிறவர். போட்டோ எடுப்பவர் வேறு. எடுத்த படங்களை வாங்கி வந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பனிமலை உச்சியில் பட்டுப்புடவையோடு நிற்க வைப்பதும், ரோஜாப்பூவுக்குள் உட்கார வைப்பதும், இறந்துபோன அப்பாவை மேகத்துக்கு மேலே புன்னகையோடு ஏற்றி வைப்பதும் இவர் வேலை. முடித்ததைச் சென்னையில் அச்சுக்குக் கொடுக்க எங்கள் ரயிலில் வருவார். நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. யாரைப் பார்த்தாலும் இவருடைய ஆள்காட்டி விரல் எதிராளியின் தலையைச் சுற்றி ஒரு கோடு இழுக்கும். முதல் சந்திப்பில் எனக்கும் இழுத்தார். "உங்களுக்கு முடி நல்லா அடங்கிக் கீது சார். படத்துல வெட்டறது சுளுவு" என்றார். என் தலைமுடியை இதுவரை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

கவரைப்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் பெண்ணின் சித்தப்பா சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். எல்லாப் படத்திலிருந்தும் அவரை எடுத்துவிடச் சொன்னார்கள். ராஜமாணிக்கம் அவர் நின்ற இடங்களிலெல்லாம் வாழைமரம் நட்டார். ஆல்பம் அச்சுக்குப் போகுமுன் சமாதானமாகிவிட்டது, சித்தப்பாவைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். பழைய படம் கைவசம் இல்லாததால் சித்தப்பாவை வேறொரு காதுகுத்து விழாவிலிருந்து எடுத்து ஒட்டினார். ஒரு வாழைமரத்தை மட்டும் எடுக்க மறந்துபோனார். சித்தப்பாவின் தோளிலிருந்து குலை தள்ளியிருக்கும் அந்தப் பக்கத்தைத்தான் விருந்தாளிகளுக்கு முதலில் காட்டுகிறார்களாம்.

இவ்வளவையும் அவர் செய்வது ஒரு பழைய கம்ப்யூட்டரில். அதற்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஒத்துப்போகவில்லை. சுற்றிலும் இரும்பு உருக்குகிற பட்டறைகள். எங்கோ ஓர் உலை பெருமூச்சு வாங்கினால் தெருவே ஒருமுறை மங்கித் தெளியும். அந்த நொடியில் கம்ப்யூட்டர் செத்துப் பிழைக்கும், மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் காணாமல் போவார்கள். அதனால் வெளிச்சம் மங்கினால் உடனே சேமிக்கும் பொத்தான்களை அழுத்த இடது கை பழகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டர் எதிரில் இல்லாவிட்டாலும் அது அழுத்துகிறது. சோற்றில் வலது கை இருக்கும்போது டியூப்லைட் மினுக்கினால் இடது கையின் இரண்டு விரல்கள் தொடையை அழுத்தும். கோயிலில் கற்பூரம் அணையப் போனபோது அழுத்தியதை நானே பார்த்தேன்.

இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டும் முறைவைத்து வந்து சேர்ந்தது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைத் தினம் பார்த்தபடி ரயிலில் போகிற எங்களுக்கும் அதில் சலுகை இல்லை. கும்மிடிப்பூண்டியில் கரண்ட் போகிற நேரம் வேறு, பொன்னேரியில் போகிற நேரம் வேறு. ராஜமாணிக்கம் யோசித்தார். மனைவி கெங்கம்மாளின் பழைய புடவையில் மானிட்டரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மீதியைக் காலடியில் இடுக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் பொன்னேரி மாமியார் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். வழியில் ஒரு பெண்மணி, "மூஞ்சியக் கொஞ்சம் தொறந்து வை நைனா, கொழந்தைக்குக் காத்து வரட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். இவரும் தட்ட மனமில்லாமல் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறார். பொன்னேரியில் இறங்கி, மாமியாரின் சீரியலை நிறுத்தி, ஒயர்களை எல்லாம் செருகி நிமிரும்போது அங்கே கரண்ட் போயிருக்கும். கும்மிடிப்பூண்டியில் வந்திருக்கும்.

ஆகவே லேப்டாப். சும்மா கடிதம் அடிக்கிற லேப்டாப் இல்லை. பெரிய படங்களை அசராமல் தாங்க வேண்டும், நிறம் பொய் சொல்லக்கூடாது, பேட்டரி நின்று பேச வேண்டும். எடுத்தது சரியான முடிவுதான். எடுத்து மூன்று வருடம் ஆகிறது.

மற்றவர்கள் லேப்டாப்பை வாங்கிவிட்டு அதற்குப் பை வாங்குவார்கள். ராஜமாணிக்கம் பையிலிருந்து தொடங்கினார். எத்தனை ஜிப் என்று அவருக்கே தெரியாத அந்தப் பையை, சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நெருங்கிக் கிடக்கும் ரிச்சி தெருவில் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அடியில் வைத்தால் சூடு தணிக்கும் காற்றாடிப் பலகை, வால் இல்லாத மவுஸ், பேனாவால் படம் வரையும் பலகை, திரை துடைக்கத் தனித் துணி, திருட்டுப் போகாமல் மேசைக்காலோடு பூட்டிவைக்கும் இரும்புக் கயிறு. ரயிலில் அசந்து தூங்கும்போது உப்புப் பையை அந்தக் கயிற்றால் சீட்டுக் கம்பியில் பூட்டிக்கொண்டுதான் தூங்குவார்.

கெங்கம்மாள் சிப்காட்டில் பேக்கிங் வேலைக்குப் போகிறவர், வாயைத் திறந்தால் மிச்சம் வைக்க மாட்டார். "கொழந்தையே பொறக்கல. இவுரு தொட்டிலு கட்டி, பேரு வச்சி, காது குத்த மாமனக் கூட்டிகினு வந்து ஒக்கார வச்சிட்டாரு" என்றார் என்னிடம். ராஜமாணிக்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் திரை துடைக்கும் துணியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதை அவர் வாரம் ஒருமுறை துவைக்கிறார்.

சென்ட்ரலில் ஒருநாள் போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். நானும் கூட நின்றேன். காற்றாடி வந்தது, மவுஸ் வந்தது, இரும்புக் கயிறு வந்தது, மூன்று பாக்கெட் கல்லுப்பு வந்தது. போலீஸ்காரர் பையைக் கவிழ்த்து உதறினார்.

"லேப்டாப் எங்கய்யா?"

"இன்னும் அமையல சார்" என்றார் ராஜமாணிக்கம்.

அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டுப் போலீஸ்காரர் பையை நிமிர்த்தி வைத்தார். அவர் வீட்டிலும் வயதுக்கு வந்த பெண் இருக்க வேண்டும். உப்பை அவரே எடுத்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

அந்தப் பதிலின் அர்த்தம் எனக்கு விளங்கியது ரிச்சி தெருக் கடைக்கு அவருடன் ஒருமுறை போனபோதுதான். ராகு காலம் பார்த்துக் கிளம்பினோம். கெங்கம்மாள் நல்ல புடவையில் வந்தார். கடையில் பிரின்சி என்று ஒரு பெண், இவர்களைக் கண்டதும் மூன்று நாற்காலி போட்டு, டீ சொல்லி, ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மெல்ல எதிரே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மூன்று வருடத்தில் அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ராஜமாணிக்கம் உடனே தொடவில்லை. டீயைக் குடித்தார். தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். "கொஞ்சம் எழுந்து… கொஞ்சம் திருப்பி வைம்மா" என்றார். பின்புறமும் பார்த்தார். புறங்கையை அடியில் வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் சூடு பார்த்தார். ஒரு பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து அரக்கு நிறப் பட்டுத்துணித் துண்டு ஒன்றை எடுத்தார். அதே பட்டில் எடுத்த படம் திரையில் வந்ததும் துணியைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார்.

"நெறம் ஏத்திக் காட்டுது. அரக்கு செவப்பாத் தெரியுது. நாளைக்குப் பொண்ணு ஊட்டுக்காரன் எம்பொடவைய மாத்திட்டியான்னு சண்டைக்கு வருவான்."

அடுத்ததைக் கொண்டுவந்தாள். அதன் திரை பளபளவென்று இருந்தது. "இன்னாம்மா இது, கண்ணாடியாட்டம் நான்தான் தெரியறேன். நான் மாப்ளயப் பாக்கறதா, என்னியப் பாக்கறதா?"

மூன்றாவது எல்லாவற்றிலும் தேறியது. நிறம் சரி, சூடு சரி, சத்தம் சரி. ராஜமாணிக்கம் எழுந்து தன் பையைத் திறந்து அதை உள்ளே விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் அகலம் வெளியே நின்றது.

"பை நாங்களே தர்றோம் சார். எது எடுத்தாலும் பை ஃப்ரீ" என்றாள் பிரின்சி. எனக்கென்னவோ அவள் இதை ஆயிரமாவது தடவையாகச் சொல்வதாகப் பட்டது.

ராஜமாணிக்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. "மூணு வருசமா தோள்ல கீதும்மா இது. நேத்து வந்ததுக்கோசரம் இத்தத் தூக்கிப் போட்டுட முடியுமா?" என்று கேட்டவர், சட்டையை நீவிவிட்டுக்கொண்டு எழுந்தார். "ஊட்டுக்குப் போயி கலந்துகினு சொல்லி அனுப்பறோம்." அந்த வாசகத்தைச் சொல்லாமல் அவர் அந்தக் கடையை விட்டு இறங்கியதே இல்லை. எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், எரிச்சல் ஒருபக்கம். பிரின்சி கும்பிட்டு வழியனுப்பினாள்.

இப்படியே காலம் தள்ளியிருப்பார். அசன் முகைதீன் விடவில்லை. பழவேற்காட்டுக்காரர், பொன்னேரியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், ராஜமாணிக்கத்துக்கு வருகிற ஆல்பம் அத்தனையும் அவர் கொடுப்பது. கார்த்திகை மாதம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"தோ பாரு நைனா. இப்ப அவனவன் மண்டபத்துலயே ஒக்காந்து வேல செய்யறான். தாலி கட்டி முடிச்சி பொண்ணும் மாப்ளயும் பந்திக்கு வர்றதுக்குள்ள மொத பக்கம் ஸ்கிரீன்ல ஓடணும்னு கேக்கறாங்க. தை பொறந்ததும் மொத முகூர்த்தம் அப்பாவு பொண்ணு கல்யாணம். நீ லேப்டாப்போட வந்தா சீசன் மொத்தமும் ஒனக்கு. இல்லன்னா திருவள்ளூர் மணவாள நகர்ல ஸ்டீவன்னு ஒரு பையன் கீறான், ரெண்டு மாசமா என்னியச் சுத்திகினு கீறான். அவனுக்குக் குடுத்துடுவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

ராஜமாணிக்கத்துக்கு வேறு தொழில் தெரியாது, வேறு ஸ்டுடியோவும் கிடையாது. கல்யாண சீசன் போனால் அந்த வருடமே போனது. ரயிலில் அவர் நடை அதிகமானது. பெட்டிக்குப் பெட்டி மாறி நடந்தார்.

நம்பினால் நம்புங்கள், அமைந்தது. டிசம்பர் மூன்றாம் வாரம் பிரின்சியே போன் செய்து வரச்சொன்னாள். அடக்கமான உருவம், சாம்பல் நிறம், திரையில் பளபளப்பு இல்லை. பட்டுத்துணியைப் பக்கத்தில் பிடித்ததும் ராஜமாணிக்கம் துணி எது, படம் எது என்று ஒரு கணம் தடுமாறினார். கெங்கம்மாள் தன் பங்குக்கு மூடியைத் தடவிப் பார்த்ததில் வளையல் பட்டு ஓரத்தில் சின்னதாகக் கீறல் விழுந்தது, அதைக்கூட ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை. கடைசியில் பை. உள்ளே விட்டார். உறைக்குள் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. கடையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். ராஜமாணிக்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு நடை நடந்தார்.

"எடுத்துக்கறீங்களா சார்? கடைசி பீஸ். இந்த மாடல் இனி வராது."

ராஜமாணிக்கம் பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார். "மார்கழி பொறந்துடுச்சேம்மா" என்றார்.

"அதனால என்ன சார்?"

"மார்கழியில யாராவது பொண்ணு எடுப்பாங்களா? தை ஒண்ணாந்தேதி வந்து அழச்சிகினு போறேன். ஊட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்."

இதைக் கேட்டபோது நான் அவரைத் திட்டினேன். மரியாதையெல்லாம் பார்க்காமல் ரயிலில் நாலு பேர் எதிரிலேயே திட்டினேன். கெங்கம்மாளும் சொல்லிப் பார்த்துவிட்டார். பிரின்சி இரண்டு முறை போன் செய்தாள். அவர் அசையவில்லை. பீடை மாதத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து, அது விளங்காமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். அந்த நாட்களில் பையிலிருந்து உப்பை எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டார். ஜிப் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டார். வெறும் பையை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ரயிலில் போன் வந்தது. பிரின்சிதான். ராஜமாணிக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"குடுத்தாச்சா… சரிம்மா… யாரு எடுத்தாங்க? நல்ல எடந்தானா?… திருவள்ளூர் பக்கமா… சரி, சரி. நல்லா வச்சிப்பாங்களாம்மா?"

மடியிலிருந்த வெறும் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு கேட்டார்: "எந்தப் பையில வச்சிக் குடுத்தீங்க?"

பதில் என்னவென்று நான் விசாரிக்கவில்லை. போனை அணைத்துவிட்டு எண்ணூர் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தை பிறந்தது. நாலு கடை ஏறி இறங்கினார், எதுவும் பைக்குள் போகவில்லை. அசன் முகைதீனிடம் கம்ப்யூட்டரையே மண்டபத்துக்குத் தூக்கி வருவதாகச் சொல்லிப் பார்த்தார். "புடவை சுத்திகினு வருவியா நைனா? பேஜாரு பண்ணாத. காது குத்து, மஞ்சத் தண்ணி ஆல்பம் எதனா வந்தா ஒனக்குத் தர்றேன்" என்று அவர் முடித்துவிட்டார். சீசன் ஸ்டீவனுக்குப் போனது.

ஆனாலும் அப்பாவு பக்கத்துத் தெருக்காரர், கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. எங்கள் ரயிலில் வருகிறவர் என்பதால் எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். நானும் ராஜமாணிக்கமும் கெங்கம்மாளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மணவறைக்குக் கீழே, எங்களுக்கு நாலு அடி தூரத்தில், ஒரு ஸ்டூலின் மேல் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு ஸ்டீவன் வேலை செய்துகொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், சுறுசுறுப்பான பையன். சாம்பல் நிறம். அடக்கமான உருவம். மூடியின் ஓரத்தில் சின்னதாகக் கீறல்.

கெங்கம்மாள்தான் முதலில் பார்த்தார். "தோ பாரு, ஒக்காந்துகினு கீது, ஒன்னுது" என்றார். கேலி செய்யத்தான் ஆரம்பித்தார். கணவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு அவர் கைமேல் கையை வைத்தார்.

"நல்லாத்தான் கீது இல்ல?" என்றார் ராஜமாணிக்கம்.

திரையில் பெண்ணின் படம் வந்து நின்றிருந்தது. அரக்குப் புடவை அரக்காகவே தெரிந்தது. அந்தப் பக்கம் அசன் முகைதீன் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறெரிந்தது. ராஜமாணிக்கத்துக்கும் எரிந்திருக்கும், ஆனால் அவர் கண் ஆட்களின் பக்கம் போகவே இல்லை.

மஞ்சள் கலந்த அரிசியைத் தட்டில் கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். நாங்களும் ஆளுக்கு ஒரு பிடி வாங்கிக்கொண்டோம். ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் கொட்டியது. ஸ்டீவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரே தாவலாக மணவறைக்கு ஓடினான், லேப்டாப் திறந்தபடியே கிடந்தது. பின்னால் நூறு பேர் எழுந்துவிட்டார்கள். தூரத்திலிருந்து வீசுகிற அட்சதையில் பாதி மணமக்கள்வரை போகாது, முன்வரிசையின் மேல்தான் விழும்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ராஜமாணிக்கம் தன் கையிலிருந்த அரிசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலுக்கு முன்னால் போய்க் குனிந்துகொண்டிருந்தார். எல்லாக் கண்ணும் தாலிமேல் இருந்தது. அவர் முதுகிலும் பிடரியிலும் அரிசி சடசடவென்று விழுந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, எழுத்துப் பொத்தான்களின் மேல் படாமல், ஒரு மணிகூட இடுக்கில் இறங்கிவிடாதபடி குடை பிடித்து நின்றார்.